இடது பக்கக் கதவு

வேங்கிக்காலில் நாங்கள் இருந்த தெருவில் கார் வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். "நாங்கள்" என்று எழுதிவிட்டேன், பழக்கதோஷம். அந்த வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். தெருவையும் சேர்த்துச் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாவட்டம் பிரிந்து, கலெக்டர் ஆபீஸ் அந்தப் பக்கம் வந்து, வேர்க்கடலைக் கொல்லைகள் எல்லாம் கல் நட்டு மனைகளாகிக்கொண்டிருந்த காலம் அது. தெருவில் குடிவந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் அரசாங்க உத்தியோகம். ஸ்கூட்டர், மொபெட், இல்லாவிட்டால் சைக்கிள். நான் கீழ்பென்னாத்தூரில் பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர். அம்மா போன பிறகு தனிக்கட்டை. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு காரணம் சொல்லி, கடைசியில் காரணங்கள் தீர்ந்துபோய், "ஆகலீங்க" என்று மட்டும் சொல்லப் பழகியிருந்தேன்.

பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். கடலை மூட்டைக்கும் கோழிக் கூடைக்கும் நடுவில் நின்றுகொண்டு போய் இறங்கும்போது, பாடம் நடத்த வேண்டியவள் மாதிரியா இருப்பேன்? பார்வை மங்கிப்போன ஒரு வயதான டாக்டர் தன் அம்பாசிடரை விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் போய்ப் பார்த்தேன். வெளிர் நீலம். முன்சீட்டு பெஞ்சு மாதிரி நீளமாக இருந்தது. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பது அதை வாங்கிய பிறகுதான் ஒரு பிரச்சினையாகத் தோன்றியது. டவுனில் கற்றுக்கொடுக்கிறவரிடம் போய், அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகக் கற்றுக்கொண்டேன்.

அந்த வண்டி மேல் எனக்கு இருந்ததை ஆசை என்று சொன்னால் குறைவாகச் சொன்னதாகும். சாயங்காலம் ஷெட்டில் விட்ட பிறகு பானட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. சூடு அடங்கிய பிறகுதான் உள்ளே போவேன். இதையெல்லாம் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள், அது முழுப் பொய்யும் இல்லை.

ஆனால் உண்மையைச் சொல்கிறேன், வண்டி எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அதன் இஞ்சினோ நிறமோ இல்லை. இடது பக்க சீட்டு. அதில் வந்து உட்கார எனக்கு ஓர் ஆள் கிடைத்ததுதான் காரணம்.

பக்கத்து வீட்டு அக்கா. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். மூன்று பெண்கள். வீட்டுக்காரரை நான் சார் என்பேன். தெருவில் எதுவானாலும் அவர்தான் முன்னால் நிற்பார். தண்ணீர் வரவில்லையா, மனு எழுதுவார். பிள்ளையார் சதுர்த்தியா, பந்தல் போடுவார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தெருவிளக்கு எரிந்தால்கூட அது தன்னால்தான் எரிகிறது என்று நினைக்கிற ரகம், அவ்வளவுதான்.

அக்காவுக்கு வெளியே போவதென்றால் சாரின் ஸ்கூட்டரில் ஒருக்களித்து உட்கார்ந்து போவதுதான். என் வண்டி வந்த பிறகு அது மாறியது. பிரதோஷத்துக்குக் கோயிலுக்கு, காய்கறிக்கு மார்க்கெட்டுக்கு, பெண்களுக்குத் துணி எடுக்கத் தேரடித் தெருவுக்கு, எல்லாம் என்னோடுதான். ஏறி உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடக்கிச் சீட்டின் மேல் வைத்துக்கொள்வார். முந்தானையில் முடிந்து வந்த வறுத்த கடலையை உரித்து எனக்கும் தருவார். நான் கியர் மாற்றும்போது வாயைத் திறக்கச் சொல்லிப் போடுவார். வீட்டில் பேசாததையெல்லாம் வண்டியில் பேசுவார். சின்ன வயதில் நர்சு வேலைக்குப் படிக்க ஆசைப்பட்டது, மாமியார் இருந்த காலத்தில் பட்டது, பெரியவளுக்கு வரன் பார்ப்பது. பௌர்ணமியன்று மட்டும் வண்டியை எடுக்க முடியாது. கிரிவலக் கூட்டத்துக்காகப் போலீஸ்காரர்கள் ரோட்டை மறித்துவிடுவார்கள். அன்றைக்கு மட்டும் நடை. அப்போதும் என் கூடவே நடப்பார்.

திரும்பி வந்தால் அவர் வீட்டில் காபி. நானாகப் போட்டுக் குடிக்கிற காபியும் காபிதான். ஆனால் யாரோ ஒருவர் "சர்க்கரை போதுமா" என்று கேட்கிற காபி வேறு. அதற்கு நான் அடிமையாகிவிட்டேன். கூச்சப்படாமல் சொல்கிறேன்.

பெரியவளுக்குத் தையில் கல்யாணம் என்று நிச்சயமானபோது, அக்கா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மாப்பிள்ளை அழைப்பு நம்ம வண்டியிலதான் டீச்சர். பூ ஜோடிச்சி, பிள்ளையார் கோயில்லருந்து மண்டபம் வரிக்கும் நீங்கதான் ஓட்டிக்கினு வரணும்." நம்ம வண்டி என்றார். அந்தச் சொல்லை நான் பல நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன்னால் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜை என்றால் படிக்கிற புத்தகத்தைவிட வண்டிக்குத்தான் மவுசு ஜாஸ்தி. தெருவில் இருந்த வண்டிகளையெல்லாம் கழுவி, வரிசையாக நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டினோம். என் வண்டி முதலில் நின்றது. சார்தான் பூஜை. ஒவ்வொரு வண்டிக்கும் எலுமிச்சம்பழம். காருக்கு மட்டும் தனியாக ஒரு பெரிய பூசணிக்காய். அதில் ஓட்டை போட்டுக் குங்குமத்தைக் கொட்டி, சில்லறைக் காசு போட்டு, மேலே கற்பூரம் ஏற்றி, வண்டியைச் சுற்றிக் காட்டி, நடு ரோட்டுக்குக் கொண்டுபோய் ஓங்கி அடித்தார். தெருவும் மெயின் ரோடும் சேர்கிற திருப்பத்தில், சரியாக நடுவில். காசு பொறுக்க வந்த பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு ஓடின. உடைத்த பூசணிக்காயை ஓரமாகத் தள்ள வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் உடைத்த கையோடு தள்ளினால் திருஷ்டி முழுசாகக் கழியாது, சிறிது நேரம் கிடக்கட்டும் என்றார் சார். அது எந்த சாஸ்திரத்தில் இருக்கிறதோ எனக்குத் தெரியாது. யாரும் கேட்கவில்லை.

பிறகு எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி நசுக்கிவிட்டு ஒரு ரவுண்டு போய்வர வேண்டும், அது வழக்கம். அக்கா என் பக்கத்தில், பெண்கள் மூவரும் பின்னால். கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போய்த் திரும்பினோம். அக்கா புதுப் புடவை கட்டியிருந்தார். மடியில் சுண்டல் பொட்டலம். எதற்கோ சிரித்துக்கொண்டே வந்தோம். எதற்கென்று எவ்வளவு யோசித்தும் இப்போது நினைவுக்கு வரவில்லை.

தெருவுக்குள் திரும்பினேன். உள்ளே இருந்து ஒரு பால் வேன் வெளியே வந்துகொண்டிருந்தது. வேகமாக ஒன்றும் இல்லை, அதுவும் இல்லை, நானும் இல்லை. பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. சக்கரம் பூசணிக்காயின் மேல் ஏறி, சோப்புத் தண்ணீரில் கால் வைத்தாற்போல அப்படியே பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போனது. எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது, ஸ்டியரிங்கில் ஒன்றுமே இல்லாத அந்த ஒரு கணம். வேனின் பம்பர் எங்கள் இடது பக்கத்தில் இடித்தது.

மட்கார்டும் கதவும் உள்ளே அமுங்கிவிட்டன. கண்ணாடி தூள். அக்காவின் நெற்றி டேஷ்போர்டில் மோதி, புருவத்துக்கு மேலே வெட்டுப்பட்டு ரத்தம். பெண்களுக்கு ஒன்றும் இல்லை, பயம்தான். எனக்கும் ஒன்றும் இல்லை. எனக்கும் எங்காவது ஒரு காயம் பட்டிருக்கக் கூடாதா என்று பிறகு பல முறை நினைத்திருக்கிறேன்.

தெரு மொத்தமும் ஓடி வந்தது. அக்காவை என் பக்கமாக இழுத்து இறக்கி, யாரோ நாற்காலி கொண்டுவந்து உட்காரவைத்து, நெற்றியில் துணி வைத்து அழுத்தினோம். வேன்காரர் என்னிடம் வந்து, "மேடம், நீங்க பிரேக் போட்டத நான் பாத்தேன், ரோட்டுல என்னமோ வழுக்கிச்சி" என்றார். அவர் பேச ஆரம்பித்ததுமே சார், "சரி சரி, அதான் ஒண்ணும் ஆவலயே, நீ கெளம்பு" என்று அவரை அனுப்பிவைத்தார். பிறகு நான் ஒன்றைப் பார்த்தேன். எல்லோரும் அக்காவைச் சுற்றி நிற்கும்போது, சார் ஒரு தென்னந்துடைப்பத்தை எடுத்துக்கொண்டு திருப்பத்துக்குப் போய், பூசணித் துண்டுகளை ஒவ்வொன்றாகச் சாக்கடையில் தள்ளினார். அவசரமே இல்லை. வாசல் கூட்டுகிறவர் மாதிரி நிதானமாகத் தள்ளிவிட்டு, ஈரத்தின் மேல் மண்ணைக் காலால் இழுத்துப்போட்டார்.

திரும்பி வந்து எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "நான் அன்னிக்கே சொன்னேன். லேடீஸுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய வண்டி?"

நான் வாயைத் திறக்கவில்லை.

எனக்குக் கோபம் வராது என்று நினைக்காதீர்கள். வகுப்பில் நான் சாக்பீஸ் எறிந்து பிரபலம். சொல்ல வேண்டிய வார்த்தைகள் நாக்கு நுனிவரை வந்தன. சார், உடைத்தது நீங்கள், தள்ளாமல் விட்டது நீங்கள், இப்போது தள்ளியதும் நீங்கள். இதைச் சொன்னால் தெருவே என் பக்கம் வந்திருக்கும். ஆனால் அந்த வீட்டுக் கதவு எனக்குச் சாத்தப்படும். அக்கா இனி என்னோடு வர முடியாது. எனக்கு நியாயத்தைவிட அந்தக் காபி பெரிதாகப் பட்டது. பேசாமல் இருந்தால் எல்லாம் பழையபடி இருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

வண்டியைத் திண்டிவனம் ரோட்டில் ஒரு பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். பாடி வேலை பார்க்கும் பாய் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, கதவின் எலும்பே வளைந்துவிட்டது, வேலூரில் பழைய வண்டிக் கதவு கிடைக்கும், வாங்கி மாட்டிவிடலாம் என்றார். அதே கதவு வேண்டும் என்றேன். "ரெடி பண்ணிடலாம், ஆனா பழைய மாதிரி வராதுங்கம்மா" என்றார். பரவாயில்லை என்றேன். யாரோ தெரியாதவர்கள் சாய்ந்த கதவு எனக்கு எதற்கு?

பள்ளிக்கூடம் விட்டதும் பஸ்ஸில் வந்து பட்டறையில் இறங்கிவிடுவேன். பாய் ஒரு மரப்பெட்டியை இழுத்துப்போடுவார். உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பார்க்க ஒன்றும் இல்லை. கதவில்லாமல், சீட்டில்லாமல், பொக்கை வாயோடு நின்றது வண்டி. சீட்டைக் கழற்றியபோது அடியில் கிடந்ததையெல்லாம் ஒரு காகிதத்தில் கூட்டி வைத்திருந்தார்கள். கடலைத் தோல், காய்ந்த பூ நார், ஒரு ஹேர்பின். எல்லாம் அக்காவுடையவை. எனக்குக் குட்டை முடி, ஹேர்பின் வைக்க மாட்டேன். தூக்கிப் போட்டுடவா என்று கேட்டார்கள். போடுங்கள் என்று சொல்லிவிட்டு, அங்கேயே அழுதுவிடுவேனோ என்று பயந்து பஸ் வருவதற்கு முன்பே போய் ரோட்டில் நின்றுகொண்டேன்.

அந்த வாரங்களில் அக்காவைப் பார்க்கப் போனேன். நெற்றியில் தையல். மருந்தும் பழமும் வாங்கிப் போனேன். சார் இருந்தால் அக்கா அதிகம் பேச மாட்டார், தெரிந்ததுதான். ஆனால் சார் இல்லாதபோதும் பேச்சு சுருங்கிவிட்டது. காபி வந்தது. சர்க்கரை போதுமா என்று கேட்கவில்லை. நானும் குடித்துவிட்டு வந்தேன். உடம்பு முடியாததனால் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அதே சமயத்தில்தான் ஒன்பதாம் வகுப்பில் உராய்வு நடத்த வேண்டிவந்தது. உராய்வு குறைந்தால் என்ன ஆகும், உதாரணம் சொல்லுங்கள் என்று ஒரு பெண் கேட்டாள். போர்டு பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு வாழைப்பழத் தோல் என்று சொல்லி எழுதிப்போட்டேன். அறிவியலில் அன்று நான் செய்த அளவுக்கு வஞ்சகம் வேறு எப்போதும் செய்ததில்லை.

வண்டி மார்கழிக் கடைசியில் திரும்பி வந்தது. பாய் குறை வைக்கவில்லை. தட்டி நிமிர்த்தி, பட்டி போட்டுத் தேய்த்து, பெயிண்ட் அடித்திருந்தார். வெயிலில் பார்த்தால்தான் தெரியும், இடது பக்கம் ஒரு மாற்று அழுத்தமான நீலம். நானே ஓட்டிக்கொண்டு தெருவுக்குள் வந்தேன். அந்தத் திருப்பத்தில் என் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. ரோடு காய்ந்து கிடந்தது.

தெரு பார்த்தது. யாரும் பக்கத்தில் வரவில்லை. முன்பெல்லாம் நான் ஷெட்டைத் திறக்கும் சத்தம் கேட்டாலே, "டீச்சர், பஸ் ஸ்டாண்ட் பக்கம் போறீங்களா?" என்று ஒரு குரல் வரும். இப்போது நானாகக் கேட்டாலும், "இல்லீங்க, கடை வரிக்கும்தான், நடந்துக்கிறேன்" என்பார்கள். ரத்தம் பட்ட வண்டி, வித்துடுறது நல்லது என்று எதிர்வீட்டு அம்மா எனக்குப் பக்குவமாக எடுத்துச் சொன்னார். இப்படி யார் சொன்னது என்று கேட்டேன். சார்தான், ஜாதகம் பார்க்கிறவரிடம் கேட்டாராம் என்றார். பூசணிக்காய் உடைத்தும் கழியவில்லை என்றால் வண்டியிலேயே தோஷமாம். கேட்டுவிட்டு உள்ளே வந்து, தனியாக ஒரு பாட்டம் சிரித்தேன். சிரித்து முடித்ததும் வீடு ரொம்பப் பெரிதாக இருந்தது.

இருந்தாலும் தை மாதத்தை நம்பிக்கொண்டிருந்தேன். அக்கா வாயால் சொன்னது. வேண்டாமென்று யாரும் சொல்லவில்லையே? மாப்பிள்ளை அழைப்பன்று பள்ளிக்கு லீவு போட்டேன். வண்டியைக் கழுவி, டயருக்குக் கறுப்பு போட்டு, சீட்டுக்குப் புது உறை மாட்டினேன். பூ ஜோடிக்கிறவர்கள் எத்தனை மணிக்கு வருவார்கள் என்று கேட்கத்தான் மத்தியானம் அந்த வீட்டுக்குப் போனேன்.

அவர்கள் வீட்டு வாசலில் வாடகைக் கார் ஒன்று நின்றது. வெள்ளை. இரண்டு ஆட்கள் பானட்டின் மேல் ரோஜாவை நூலால் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

சார் வெளியே வந்தார். "உங்களுக்கு எதுக்குங்க டீச்சர் சிரமம்? விருந்தாளி மாதிரி வந்து சாப்புட்டுப் போங்க" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் தோளுக்குப் பின்னால், கூடத்தில், அக்கா தாம்பூலப் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி குனிந்து அடுக்கினார்.

"சரிங்க சார்" என்றேன்.

கல்யாணத்துக்குப் போனேன். என் வண்டியில் இல்லை, ஆட்டோவில். ஏன் என்று எனக்கே விளக்கத் தெரியாது. மண்டப வாசலில் அந்த நீல வண்டி நின்றால் அக்காவுக்குச் சங்கடமாக இருக்கும் என்று பட்டது. நாதஸ்வரத்தோடு ஊர்வலம் வந்தபோது கூட்டத்தோடு ஒதுங்கி நின்றேன். மாப்பிள்ளை கோட்டு போட்டுக்கொண்டு வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தார். டிரைவர் பல் குத்திக்கொண்டே ஓட்டினான். நான் இதைவிட நன்றாக ஓட்டியிருப்பேன் என்று நினைத்தேன். அவமானத்தில் ஒருவருக்கு எப்படியெல்லாம் நினைப்பு போகிறது பாருங்கள்.

சண்டை ஒன்றும் இல்லை. சண்டை வந்திருந்தால் சமாதானமாவது வந்திருக்கும். பார்த்தால் சிரிப்போம். பொங்கலுக்குப் பொங்கலும் தீபாவளிக்கு முறுக்கும் மதில் மேலாக வந்துபோகும். பௌர்ணமிகளில் அவர்கள் வேறு யாருடனோ சேர்ந்து நடந்தார்கள், நான் கொஞ்சம் பின்னால் நடந்தேன். அத்தனை லட்சம் பேர் சுற்றும் மலையைச் சுற்றித் தனியாக நடப்பது எளிது, யாருக்கும் தெரியாது.

வண்டியை விற்கவில்லை. விற்கச் சொன்னவர்களுக்காகவே விற்கவில்லை என்றும் சொல்லலாம். கீழ்பென்னாத்தூருக்கும் வீட்டுக்குமாக, இடது சீட்டில் என் கைப்பையையும் பரீட்சைத் தாள் கட்டையும் வைத்துக்கொண்டு ஓட்டினேன். சில நாள் சத்தமாகப் பேசிக்கொண்டே ஓட்டுவேன். எதிரில் பஸ் வந்தால் பாடுகிற மாதிரி வாயை அசைப்பேன். பல வருஷம் அப்படிப் போனது. தெருவில் வேறு கார்களும் வந்துவிட்டன, சின்னதாக, சத்தமில்லாமல். ஆயுத பூஜைக்கு அவரவர் வாசலில் அவரவர் பூசணிக்காய். சார் ரிட்டயரானார். கடைசிப் பெண்ணுக்கும் கல்யாணம் முடிந்தது. வீட்டை விற்றுவிட்டு மெட்ராஸில் பெரியவளோடு போய் இருக்கப்போகிறார்கள் என்று எதிர்வீட்டு அம்மா வந்து சொன்னார். எனக்கு அவர்கள் சொல்லவில்லை.

புறப்படும் நாள் ஒரு வேலைநாள். சாமான் ஏற்றிய லாரி விடிந்ததும் போய்விட்டது. அவர்கள் போக வேன் வந்து நின்றது. நான் பள்ளிக்குக் கிளம்பி, வண்டியை ஷெட்டிலிருந்து எடுத்து வாசலில் விட்டுவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அக்கா. தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. புருவத்துக்கு மேலே அந்தத் தழும்பு, வெள்ளையாக.

போயிட்டு வர்றேன் டீச்சர் என்றுதான் சொல்ல வந்தார் என்று நினைத்தேன். அவர் வேன் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்:

"அன்னிக்கி அவரு பூசணிக்காயத் தள்ளினத நானும் பாத்தேன் டீச்சர். நெத்தியில துணிய வச்சி அழுத்திக்கினே பாத்தேன்."

சாவி என் கையில் அப்படியே நின்றது.

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். நீங்க சொல்லியிருந்தா நானும் ஆமான்னு சொல்லியிருப்பேன். நானா எப்பிடிச் சொல்றது, வூட்டுக்காரர?"

"உங்களுக்காகத்தாங்க்கா நான் சொல்லல" என்றேன்.

அக்கா தலையை ஆட்டினார். அது எனக்குத் தெரியும் என்பதா, இல்லை இது எனக்குத் தெரியாமல் போச்சே என்பதா? நான் அவருக்காக என்றும், அவர் நான் சொல்லட்டும் என்றும் வாயை மூடிக்கொண்டு, அடுத்தடுத்த வீட்டில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறோம். கோபத்தில் எனக்குக் கண் கலங்கியது. யார் மேல் கோபம் என்று தெரியவில்லை.

"இப்பவாவது என் கூட வாங்க" என்றேன். "வேன் முன்னால போவட்டும். திண்டிவனம் வரிக்கும் நான் கொண்டாந்து விடறேன்."

"மெய்யாலுமா டீச்சர்? உங்களுக்கு ஸ்கூல் இல்ல?"

"லீவு போட்டுக்கிறேன்."

அவர் முகம் சட்டென்று மாறியது. நான் மறந்தே போயிருந்த முகம். வண்டியின் இடது பக்கத்துக்குப் போனார். நான் வலது பக்கம் ஏறி உட்கார்ந்து, முதல் வேலையாக இஞ்சினைக் கிளப்பினேன். கிளம்ப அடம்பிடிக்கிற வண்டி, அன்றைக்கு ஒரே தடவையில் கிளம்பிவிட்டது.

பாய் சரிசெய்து தந்த அந்தக் கதவு மற்றக் கதவுகள் மாதிரித் திறக்காது. பொத்தானை அழுத்திக்கொண்டே கதவை லேசாக மேலே தூக்கி, பிறகுதான் இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் பூட்டியதுபோல அசையாமல் நிற்கும். ஒருமுறை ஏறியிருந்தால் அக்காவுக்கும் தெரிந்திருக்கும். பட்டறையிலிருந்து வந்த பிறகு ஏறியதே இல்லையே, எப்படித் தெரியும்?

அக்கா இழுத்தார். வரவில்லை. இன்னொரு முறை இழுத்தார். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "பூட்டலக்கா, தூக்கி இழுங்க" என்றேன். கண்ணாடி ஏற்றியிருந்தது, இஞ்சின் இரைச்சல் வேறு. உள்ளிருந்து திறக்கலாம் என்று சீட்டின் குறுக்கே சாய்ந்தேன். கைப்பையும் தாள்கட்டும் குறுக்கே இருந்தன, அவற்றைத் தள்ள முயன்றதில் கட்டு அவிழ்ந்து தாள்கள் சரிந்தன. அதற்குள் வேனின் ஹாரன். ராகு காலம் வந்துடும் என்று சார் அங்கிருந்து குரல் கொடுத்தார்.

அக்கா கதவிலிருந்து கையை எடுத்தார். என்னைப் பார்த்து, கூட்டத்தில் தெரியாமல் காலை மிதித்துவிட்டால் சிரிப்போமே, அப்படிச் சிரித்தார். "இருக்கட்டும் டீச்சர்" என்று உதடு அசைந்தது. திரும்பி, வேகமாக வேனுக்குப் போய் ஏறிக்கொண்டார்.

நான் இறங்கி ஓடி அந்தப் பக்கம் வருவதற்குள் வேன் நகர்ந்துவிட்டது. பொத்தானை அழுத்தி, தூக்கி, இழுத்தேன். கதவு திறந்தது. திறந்த கதவைப் பிடித்தபடி நின்றேன், அவர் திரும்பிப் பார்த்தால் தெரியட்டும் என்று. வேன் திருப்பத்தில் மறைந்தது. பூட்டி வைத்திருந்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டு போயிருப்பார்.